மாற்று உறுப்புக்குள் என்ன நடக்கிறது? பயாப்ஸியைக் கேளுங்கள்!

1967 டிசம்பர் 3. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில், டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் தலைமையிலான குழு ஒரு மனிதரின் இதயத்தை எடுத்து இன்னொரு மனிதரின் நெஞ்சில் பொருத்தியது. உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை. லூயிஸ் வாஷ்கன்ஸ்கி என்ற மளிகை வியாபாரி கண் விழித்தார், பேசினார், சாப்பிட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவர் படத்தைப் போட்டன. 18ஆம் நாள் அவர் இறந்துபோனார்.

பள்ளிப் பாடத்தில் வரும் இந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி ஒன்று உண்டு. வாஷ்கன்ஸ்கியின் புதிய இதயம் கடைசி வரை நன்றாகவே துடித்தது. அவரைக் கொன்றது நிமோனியா. அறுவை முடிந்த இரண்டாவது வாரத்தில் எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல்கள் தெரிந்தன. உடல் புதிய இதயத்தை ஏற்க மறுக்கிறது, அதனால்தான் இந்த மாற்றம் என்று மருத்துவர்கள் கணித்தார்கள். நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைக் கூட்டினார்கள். உண்மையில் அது கிருமித் தொற்று. எதிர்ப்பு சக்தி அடங்கிய உடலில் கிருமிக்குத் தடையே இல்லாமல் போயிற்று.

அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. இதயத் தசைக்குள் என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க அன்று வழியே இல்லை. காய்ச்சல், மூச்சுத் திணறல், சோர்வு என்று வெளியே தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நிராகரிப்பும் தொற்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ நேர் எதிர். ஒன்றுக்கு எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்க வேண்டும். மற்றதற்குக் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். தவறாகக் கணித்தால் உயிர் போகும்.

இன்று மாற்று உறுப்போடு பத்து, இருபது ஆண்டுகள் வாழ்கிறவர்களை நாம் பார்க்கிறோம். அதற்குப் புதிய மருந்துகளும் அறுவை மருத்துவர்களின் கைத்திறனும் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊசியால் எடுக்கிற ஒரு துளி திசுவும், அதை மைக்ராஸ்கோப்பில் படிக்கிற ஒருவரும் அதே அளவுக்குக் காரணம் என்பது அவ்வளவாகத் தெரியாது. தெரியாததால்தான் நம் ஊரில் பலர், இப்படித் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதுவது அதற்காகத்தான்.

தோலில் தொடங்கிய பாடம்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். குண்டுவீச்சிலும் விமான விபத்துகளிலும் தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டப் போதுமான தோல் கிடைக்கவில்லை. அடுத்தவரின் தோலை ஒட்டினால் ஏன் நிலைப்பதில்லை என்று கண்டறிய, பீட்டர் மெடவார் என்ற இளம் விலங்கியல் ஆய்வாளர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணின் உடலில் அவருடைய சொந்தத் தோலையும் அவருடைய சகோதரரின் தோலையும் சிறு சிறு துண்டுகளாக ஒட்டினார்.

பிறகு செய்ததுதான் நமக்கு முக்கியம். சில நாள் இடைவெளியில் ஒட்டிய துண்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். சொந்தத் தோல் வேர்பிடித்து வளர்ந்தது. சகோதரரின் தோல் முதலில் பிடித்தது போலத் தெரிந்தது. பிறகு அதற்குள் வெள்ளணுக்கள் திரண்டன. தோல் செத்து உதிர்ந்தது. சகோதரரின் தோலையே இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் வேகமாக அழிந்தது. உடல் முதல் முறையை நினைவில் வைத்திருந்தது. நிராகரிப்பு என்பது எதிர்ப்பு சக்தியின் வேலை என்பதற்கு 1943இல் வெளியான இந்த ஆய்வு அடிப்படையானது. மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. மாற்றுத் திசுவைக் குறித்த இடைவெளியில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் இந்தத் துறையின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தோல் வெளியே இருக்கிறது, கிள்ளி எடுக்கலாம். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை என்ன செய்வது?

கழுத்து நாளம் வழியே இதயத்துக்கு

பர்னார்ட் வழிகாட்டியதும் 1968இல் உலகம் முழுவதும் இதய மாற்று அலை எழுந்தது. அந்த ஒரே ஆண்டில் நூறுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. நோயாளிகளில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையாகக் கைவிட்டது. விடாமல் தொடர்ந்த மிகச் சில இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு. அங்கே நார்மன் ஷம்வே என்ற அறுவை மருத்துவர், நிராகரிப்பை அடக்கக் கற்றுக்கொள்ளாமல் இந்தச் சிகிச்சை நிலைக்காது என்பதில் தெளிவாக இருந்தார்.

அன்று அவர்களிடம் இருந்த கருவி ஈ.சி.ஜி.தான். நிராகரிப்பில் இதயத் தசை நீர் கோத்து வீங்கும், அப்போது ஈ.சி.ஜி.யின் அலைகள் உயரம் குறையும். அலை குறைகிறதா என்று தினமும் அளந்து பார்ப்பார்கள். குறைந்தது தெரியும்போது தசை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும்.

1970களின் தொடக்கத்தில் பிலிப் கேவ்ஸ் என்ற இளம் அறுவை மருத்துவர் பிரிட்டனிலிருந்து ஸ்டான்ஃபோர்டு வந்து சேர்ந்தார். ஜப்பானில் சகாகிபாரா, கொன்னோ என்ற இருவர் 1962லேயே ரத்தக்குழாய் வழியாக இதயத் தசையைக் கிள்ளி எடுக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். அது பெரியது. மாற்று இதயத்துக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த ஏற்றதல்ல. கேவ்ஸ், வெர்னர் ஷுல்ஸ் என்ற கருவித் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து அதை மாற்றி அமைத்தார். மெலிந்து நீண்ட வளையும் கம்பி. முனையில் திறந்து மூடும் இரண்டு சிறு தாடைகள். பின்னால் கத்தரிக்கோல் போன்ற கைப்பிடி. கழுத்தின் வலப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள பெரிய நாளத்துக்குள் கம்பியைச் செலுத்துவார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அது இதயத்தின் வலது மேலறைக்கு இறங்கும். வால்வைக் கடந்து கீழறைக்குப் போகும். இரு கீழறைகளையும் பிரிக்கும் சுவரில் முனை முட்டியதும் தாடை திறந்து மூடும். மெல்ல இழுத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தசை கையில் வரும். நோயாளி விழித்தே இருப்பார். நெஞ்சுக்குள் ஒரு சிறு இழுப்பு, இதயம் ஓரிரு துடிப்பு தடுமாறுவது, அவ்வளவுதான் தெரியும். 1973இல் கேவ்ஸ் இதை மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார். இன்றும் முறை அதேதான். குறைந்தது மூன்று துண்டுகள், முடிந்தால் ஐந்து எடுப்பார்கள்.

எடுத்தால் போதாது, படிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் மார்கரெட் பில்லிங்ஹாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து, லண்டனில் மருத்துவம் படித்து, ஸ்டான்ஃபோர்டில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்தவர். தசை நார்களுக்கு நடுவே எத்தனை வெள்ளணுக்கள் புகுந்திருக்கின்றன, நார்கள் சிதையத் தொடங்கிவிட்டனவா என்று பார்த்து நிராகரிப்புக்குப் படிநிலை வகுத்தார். உலகம் முழுவதும் இதய மாற்று மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள். 1990இல் இதய மாற்றுக்கான சர்வதேசச் சங்கம் வகுத்த பொதுத் தர அளவுக்கும், பின்னால் அதை நான்கு நிலைகளாகச் சுருக்கிய திருத்தத்துக்கும் வேர் அவருடைய வேலைதான். அறுவை மருத்துவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. பில்லிங்ஹாமின் பெயர் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேவ்ஸ் 1978இல், 38 வயதில், ஸ்குவாஷ் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்துவிட்டார். 1980களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்து உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் முகத்தையே மாற்றியதை அவர் பார்க்கவில்லை. அந்த மருந்து வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. நிராகரிப்பில் தசை முன்போல வீங்குவதில்லை, எனவே ஈ.சி.ஜி. அலை குறைவதும் இல்லை. வெளி அடையாளம் மறைந்துபோனது. கேவ்ஸின் கம்பி இல்லாமலிருந்தால் அந்த அருமருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவே முடிந்திருக்காது.

‘டக்’கென்று ஒரு சத்தம்

நம் ஊரில் அதிகம் நடப்பது சிறுநீரக மாற்று. அதனால் அந்த பயாப்ஸியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

புதிய சிறுநீரகத்தைப் பழைய சிறுநீரகங்கள் இருக்கும் முதுகுப் பக்கத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலது இடுப்பெலும்பின் குழிவில் வைக்கிறார்கள். தோலுக்கு மிக அருகில் இருக்கும். கை வைத்தால் தட்டுப்படும். பயாப்ஸி எடுக்க இது பெரிய வசதி. சில நாள் முன்பே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளை மருத்துவர் நிறுத்தச் சொல்வார். நிலைமை அவசரம் என்றால் அதற்கேற்ப முடிவெடுப்பார். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்க வேண்டும்.

நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்துச் சிறுநீரகத்தின் மேல்முனையோ கீழ்முனையோ தேடுகிறார்கள். பெரிய ரத்தக்குழாய்கள் நடுவே இருப்பதால் அங்கே போக மாட்டார்கள். மரத்துப்போகும் ஊசி போடும்போது ஒரு சுருக். அதன் பிறகு வலி பெரிதாக இருப்பதில்லை. ஸ்ப்ரிங் வைத்த பயாப்ஸி துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதே, “ஒரு சத்தம் கேட்கும், பயப்படாதீங்க, அசையாம இருங்க” என்று சொல்லிவிடுவார்கள். டக். முடிந்தது. பெரும்பாலும் இரண்டு முறை.

வெளியே வருவது ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள வெளிறிய இழை. தடிமன் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் செம்புள்ளிகள் தெரியும். ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ்கள் அவை. புள்ளி தெரிந்தால்தான் ஊசி சரியான இடத்தில், வெளிப்பட்டையில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டில் குறைந்தது பத்து குளோமெருலஸும் இரண்டு சிறு தமனிகளும் இருந்தால்தான் நம்பிப் படிக்கலாம் என்பது சர்வதேச விதி.

ஊசி போட்ட இடத்தை அழுத்திப் பிடித்து, நோயாளியை ஆறு மணி நேரமாவது அசையாமல் படுக்கவைக்கிறார்கள். சிறுநீரை ஒவ்வொரு முறையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து வரிசையாக வைத்துப் பார்ப்பதுண்டு. முதல் பாட்டில் சற்றுச் சிவந்திருந்தாலும் அடுத்தடுத்தவை வெளிறிக்கொண்டே வந்தால் கவலையில்லை. ரத்தக்கசிவு நிற்காமல் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படுவது மிக அரிது. ‘ஊசி குத்தினால் கிட்னி கெட்டுப்போகும்’ என்று மருத்துவமனை வராண்டாவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போட்டு, கண்டுபிடிக்காத நிராகரிப்பில் சிறுநீரகத்தை இழப்பதுதான் உண்மையான ஆபத்து.

கண்ணாடித் தகட்டில் தெரியும் போர்

ஆய்வகத்தில் அந்த இழையை மெழுகில் புதைத்து, இரண்டு மூன்று மைக்ரான் கனத்தில் சீவுகிறார்கள். சாயம் ஏற்றியதும் நுண்குழாய்களின் வெளிச்சுவர் மெஜந்தா நிறக் கோடாக எழுந்து நிற்கும். ஆரோக்கியமான சிறுநீரகத்தில் அந்தக் கோட்டுக்குள் குழாயின் சொந்தச் செல்கள் மட்டுமே வரிசையாக இருக்கும். நிராகரிப்பு தொடங்கினால், அடர் நீல உருண்டைகளாக லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வெளியே கூட்டமாகத் திரளும். பிறகு ஒன்றிரண்டு அந்தக் கோட்டைத் துளைத்து உள்ளே நுழைந்துவிடும். நோய்க்குறியியல் நிபுணர் அவற்றை எண்ணுகிறார். ஒரு குழாயின் குறுக்குவெட்டில் நான்குக்குள் இருந்தால் முதல் நிலை. ஐந்திலிருந்து பத்து வரை இரண்டாம் நிலை. பத்தைத் தாண்டினால் மூன்றாம் நிலை. தமனியின் உள்சுவருக்கு அடியில் அவை புகுந்திருந்தால் நிலைமை இன்னும் தீவிரம்.

இந்த எண்ணிக்கை முறைக்கு ‘பான்ஃப் வகைப்பாடு’ என்று பெயர். அதுவரை ஒரு ஊரில் ‘லேசான நிராகரிப்பு’ என்று எழுதுவதை இன்னொரு ஊரில் ‘கடுமையானது’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 1991 ஆகஸ்டில் கனடாவின் மலை நகரமான பான்ஃபில் கிம் சோலெஸ் முதலானோர் கூடி, உலகத்துக்கெல்லாம் ஒரே மொழி வேண்டும் என்று பேசி முடிவெடுத்தார்கள். 1993இல் அது அச்சில் வந்தது. இன்றும் இரண்டாண்டுக்கு ஒருமுறை போலக் கூடித் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் எழுதிய அறிக்கையை வியன்னாவில் உள்ள மருத்துவர் படித்துப் புரிந்துகொள்ள முடிவது இதனால்தான்.

திருத்தங்களில் பெரியது ஆன்டிபாடி பற்றியது. தொடக்கத்தில் எல்லோரும் வெள்ளணுக்களையே தேடினார்கள். வெள்ளணு அவ்வளவாக இல்லாமலேயே சில சிறுநீரகங்கள் செத்துக்கொண்டிருந்தன. ஜெர்மனியின் மியூனிக்கில் ஹெல்முட் ஃபாய்க்ட் என்பவர் 1990களின் தொடக்கத்தில், அப்படிப்பட்ட சிறுநீரகங்களின் நுண்நாளங்களில் ‘சி4டி’ என்ற புரதத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஆன்டிபாடிகள் வந்து தாக்கிவிட்டுப் போன இடத்தில் விட்டுச்செல்லும் தடயம் அது. வந்தவர்கள் போய்விடுவார்கள், சி4டி மட்டும் சுவரோடு இறுகப் பிணைந்து நிற்கும். சாயமிட்டால் நுண்நாளங்கள் வளையம் வளையமாக ஒளிரும். ஆன்டிபாடி நிராகரிப்பு என்ற தனி நோயையே இந்தச் சாயம் அடையாளம் காட்டியது. ஏறக்குறைய இருபதாண்டுகள் கழித்து, சி4டி இல்லாமலும் அந்த நிராகரிப்பு வரலாம் என்று பான்ஃப் குழு ஒப்புக்கொண்டது. கண்டுபிடித்ததைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் திருத்திக்கொள்ளும் அந்த மனசுக்கு என் மரியாதை.

ஒரே கிரியேட்டினின், மூன்று காரணம்

மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர்களின் வீடுகளில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனையான கிரியேட்டினின் என்ற சொல் அரிசி, பருப்பு போலப் புழங்கும். 1.2 இருந்தது 1.9 ஆகிவிட்டது என்றால் வீடே கலங்கும். அந்த எண் ஏறுவதற்குள் உள்ளே கணிசமான சேதம் நடந்திருக்கும் என்பது ஒரு பக்கம். ஏன் ஏறியது என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது என்பது இன்னொரு பக்கம்.

நிராகரிப்பாக இருக்கலாம். அப்படியானால் ஸ்டீராய்டை அதிக அளவில், மெதில்பிரெட்னிசலோன் 500 மில்லிகிராம் அளவில், மூன்று நாள் ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது வழக்கம். தமனிவரை பாதிப்பு போயிருந்தாலோ ஸ்டீராய்டுக்கு மசியாவிட்டாலோ, முயலின் உடலில் உருவாக்கி எடுக்கும் ஏ.டி.ஜி. என்ற ஆன்டிபாடி மருந்து. ஆன்டிபாடி நிராகரிப்பு என்றால் வழியே வேறு. பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து மாற்றுவது, இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது, ரிடுக்சிமாப் கொடுப்பது என்று போகும். லட்சங்களில் செலவு பிடிக்கும்.

இரண்டாவது காரணம், நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸே சிறுநீரகத்தை வாட்டுவதாக இருக்கலாம். நுண்குழாய்ச் செல்களில் சிறு சிறு வெற்றுக் குமிழிகள் தெரியும். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்று உள்ளூர்க் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த மாத்திரையே டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் உயர்த்திவிட்டிருக்கலாம்.

மூன்றாவது பி.கே. வைரஸ். நம்மில் பெரும்பாலோர் உடலில் சின்ன வயதிலேயே புகுந்து சும்மா கிடக்கும் வைரஸ் இது. எதிர்ப்பு சக்தி அடங்கியதும் சிறுநீரகத்தில் எழுந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் இதிலும் லிம்ஃபோசைட்டுகள் திரண்டு நுண்குழாய்க்குள் புகுந்திருக்கும். கைதேர்ந்த நிபுணரே நிராகரிப்பு என்று எண்ணக்கூடிய அளவுக்கு ஒற்றுமை. செல்களின் உட்கருவில் வைரஸைக் காட்டும் எஸ்.வி.40 சாயம்தான் பிரித்துக் காட்டும். இதைக் குணமாக்கும் என்று நிலைநாட்டப்பட்ட மருந்து இன்னும் கிடையாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைக் குறைப்பதே சிகிச்சை. பி.கே. வைரஸ் தாக்கியவருக்கு நிராகரிப்பு என்று நினைத்து ஸ்டீராய்டை ஏற்றினால், கேப் டவுனில் நடந்ததுதான் சிறுநீரகத்துக்கும் நடக்கும்.

நம் நாட்டில் காசநோய் என்ற இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகக்காரர்களைக் காசநோய் எப்படித் தாக்குகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பயாப்ஸி பார்க்காமல் அனுமானத்தில் ஸ்டீராய்டைக் கூட்டினால், பதுங்கியிருக்கும் காசநோய் எழ வாய்ப்புண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவைத் தடாலென்று கீழே இறக்கும். அளவு இறங்கினால் நிராகரிப்பு வரும். இந்தச் சுழலில் மாட்டியவரைக் கரையேற்ற ஒவ்வொரு படியிலும் உள்ளே என்ன நிலைமை என்று தெரிந்தாக வேண்டும்.

சிகிச்சை பலித்ததா?

நிராகரிப்புக்கு மருந்து கொடுத்ததும் கிரியேட்டினின் இறங்குகிறது. நோயாளிக்கு நிம்மதி, மருத்துவருக்கும் நிம்மதி. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எண் இறங்கிய பிறகும் சில வாரம் கழித்து மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்த்தால், வீக்கம் முழுமையாக ஆறாமல் கனன்றுகொண்டிருப்பது கணிசமானவர்களிடம் தெரிகிறது. அப்படிக் கிடப்பது காலப்போக்கில் தழும்பாக மாறும். தழும்பை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது.

எல்லோருக்கும் குறிப்பிட்ட மாதங்களில், எண் ஏறாவிட்டாலும் பயாப்ஸி எடுக்க வேண்டுமா? கனடாவின் வின்னிபெக்கில் டேவிட் ரஷ் குழு இதைச் சோதித்தது. 1998இல் வெளியான அவர்களின் ஆய்வில், வெளியே தெரியாத நிராகரிப்பைக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தவர்களின் சிறுநீரகம் மேலாக இருந்தது. டாக்ரோலிமஸும் மைக்கோஃபீனோலேட் என்ற இன்னொரு மருந்தும் வழக்கத்துக்கு வந்த பிறகு, 2007இல் அதே குழு, இப்போது அந்தப் பலன் தெரியவில்லை என்று வெளியிட்டது. மருந்து சரியாக வேலை செய்யும் இடத்தில் தேவை குறைகிறது என்று இதைப் புரிந்துகொள்கிறேன். மாதக் கடைசியில் மருந்து வாங்கப் பணமில்லாமல் வேளை தவறுகிற குடும்பங்கள் இருக்கும் இடத்தில் அதே முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

புதிய மருந்துகளின் தலையெழுத்தும் பயாப்ஸியிலேயே எழுதப்படுகிறது. பல ஆண்டுகளாக நாள்பட்டு நடக்கும் ஆன்டிபாடி நிராகரிப்புக்கு உருப்படியான மருந்து இல்லை. போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்து மேல் நம்பிக்கை வைத்தார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தபோது பலன் இல்லை என்று 2018இல் தெரிந்தது. வியன்னா மருத்துவர்கள் தலைமையில் 22 நோயாளிகளிடம் ஃபெல்சார்டாமாப் என்ற மருந்தைச் சோதித்த முடிவு 2024இல் வெளியானது. சிகிச்சைக்குப் பின் எடுத்த பயாப்ஸியில், மருந்து பெற்ற 11 பேரில் 9 பேருக்கு நிராகரிப்பின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் திரவம் பெற்றவர்களில் பயாப்ஸி எடுக்கப்பட்ட 10 பேரில் 2 பேருக்குத்தான் அப்படி. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்து மீண்டும் திசு எடுத்தார்கள். அந்த 9 பேரில் 3 பேருக்குத் திரும்பி வந்திருந்தது. நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் அதே ஊசிதான் கொண்டுவந்தது.

மற்ற உறுப்புகளும் ரத்தச் சோதனையும்

கல்லீரலில் பித்தநாளங்களின் சிதைவையும் ரத்தநாள உள்சுவரின் வீக்கத்தையும் பார்க்கிறார்கள். நுரையீரலில் மூச்சுக்குழாய் வழியே குழல் விட்டுத் துணுக்கு எடுக்கிறார்கள். கை மாற்றிப் பொருத்தியவர்களுக்குத் தோலிலேயே சிவப்புத் திட்டு தெரிந்துவிடும். அங்கிருந்து சிறிது எடுத்தால் போதும்.

பயாப்ஸிக்கும் குறைகள் உண்டு. ஊசி ஒரு இடத்தைத்தான் தொடும். நிராகரிப்பு இன்னொரு மூலையில் இருக்கலாம். ஒரே தகட்டை இரண்டு நிபுணர்கள் வேறு வேறு விதமாகப் படிப்பதும் நடக்கிறது. இதயத்தில் திரும்பத் திரும்பக் கம்பி போய்வந்தால் வால்வு பாதிக்கப்படலாம். முதல் ஆண்டில் பத்து தடவைக்கு மேல் கழுத்தைக் காட்டிப் படுப்பவரின் களைப்பை நினைத்துப் பாருங்கள்.

அதனால் ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் வழி தேடுகிறார்கள். வெள்ளணுக்களின் மரபணுச் செயல்பாட்டை அளக்கும் ‘அல்லோமேப்’ சோதனைக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி தந்தது. 602 இதய மாற்று நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்து ஆபத்துக் கட்டத்தைத் தாண்டியவர்களை இந்தச் சோதனையால் கண்காணித்தாலும் பலன் குறையவில்லை, பயாப்ஸி எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்று தெரிந்தது. அடுத்து வந்தது கொடையாளியின் டி.என்.ஏ. சோதனை. மாற்று உறுப்பின் செல்கள் சிதையும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகத்தில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே ஏதோ சேதம் நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சேதம் எதனால் என்று அது சொல்வதில்லை; பி.கே. வைரஸாலும் ஏறலாம். அளவு கூடியவர் அடுத்துப் போய்ப் படுக்க வேண்டியது பயாப்ஸி மேசையில்தான்.

தமிழ்நாட்டில் என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவின் சிறுநீரக மாற்று வரலாறு 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றிகரமாகத் தொடங்கியது. 2008இல் திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைத் தந்தது தமிழ்நாட்டின் மனசையே அசைத்தது. உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை என்று 2023இல் முதலமைச்சர் அறிவித்தார். மாற்று அறுவைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. தானம் பெறுவதில் இந்த மாநிலம் காட்டிய அக்கறை பெரிது.

பெற்ற உறுப்பைக் காப்பதிலும் அதே அக்கறை வேண்டும். அறுவை நடக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் மாற்றுத் திசுவைப் படிக்கவென்றே பயிற்சி பெற்ற நோய்க்குறியியல் நிபுணர் இருக்க வேண்டும். சி4டி, எஸ்.வி.40 சாயங்கள் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். காலையில் எடுத்த திசுவுக்கு அன்று மாலையே முதல் விடை சொல்லும் தொழில்நுட்பம் இன்று இருக்கிறது. அது பெருநகரத்துத் தனியார் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு மட்டும் கிடைத்தால் போதாது. அறுவைக்கான காப்பீட்டுத் தொகை பேசப்படும் அளவுக்கு, ஐந்தாம் ஆண்டில் எடுக்கும் பயாப்ஸிக்கும் ஏ.டி.ஜி.க்கும் யார் பணம் தருவது என்பது பேசப்படுவதில்லை. பேச வேண்டும்.

மாற்று உறுப்போடு இருப்பவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவர் பயாப்ஸி என்றால் எதைச் சந்தேகித்து எடுக்கிறார், எடுக்காமல் மருந்தை மாற்றினால் என்ன ஆபத்து என்று தயங்காமல் கேளுங்கள். அறிக்கை வந்ததும் அதன் நகலை வாங்கி வையுங்கள். மெழுகில் புதைத்த திசுக் கட்டியை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கும். ஊர் மாறினாலோ மருத்துவமனை மாறினாலோ, எழுதிக் கொடுத்துக் கேட்டு அந்தக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் பெற்றுக்கொண்டு போய்ப் புதிய மருத்துவரிடம் கொடுங்கள். இன்று தெரியும் தழும்பு கொடையாளியிடமிருந்தே வந்ததா, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நிராகரிப்பில் உண்டானதா, இப்போது புதிதாகத் தொடங்கியதா என்று பழைய தகட்டையும் புதிய தகட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அவரால் சொல்ல முடியும்.